அப்பீலுக்குக் கேட்ட அனுமதி

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், என் அண்ணனுக்கு அட்டன் கோர்ட்டில் மூன்று மாதச் சிறை விதித்தார்கள். விறகுக்காகத் தேயிலைத் தோட்டத்து மரமொன்றின் கிளையை வெட்டிவிட்டார். வழக்குப் போட்டவர் தோட்டத்தை நடத்தும் எங்கள் பெரிய துரை.

அப்பீல் செய்யலாம், ஆனால் கெடு குறுகியது என்று கோர்ட்டு வாசலில் ஒருவர் சொன்னார். அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளை பிறக்கும்போது அண்ணன் எங்கள் லயத்து வீட்டில் இருக்க வேண்டும் என்பதே அண்ணியின் கவலை.

தோட்டத்தில் எதைச் செய்வதானாலும் முதலில் எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் சொல்ல வேண்டும். சொன்னோம். அவர் கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். கணக்கப்பிள்ளை நல்ல சமயம் பார்த்துப் பெரிய கிளாக்கரிடம் சொன்னார். துரையோ நுவரெலியாவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வந்து, தாராளமாகச் செய்யட்டும் என்றாராம். அந்தப் பதில் அதே படிகளில் இறங்கி எங்கள் லயத்துக்கு வந்தபோது கெடு முடிந்திருந்தது.

நாங்கள் தேடிப்போன அட்டன் லோயர் பேனாவை மூடிவைத்தார்.

"இவ்வளவு நாளும் என்ன செஞ்சீங்க?"

"அனுமதி கேட்டோமுங்க."

"யார்கிட்ட?"

"தொரைகிட்டங்க."

"கேஸ் போட்டது யாரு?"

"அவருதாங்க."

அவர் சிரிக்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் காட்டி, கொழும்புப் பெரிய கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஆனால் இந்தக் காரணத்தை நம்ப அங்கே யாரும் லயத்தில் பிறந்தவர்களில்லை. தன்னிடம் அனுமதி கேட்டுக் காத்திருந்தார்கள் என்று துரையே எழுதித் தந்தால்தான் உண்டு.

மறுபடியும் கங்காணியிடமிருந்து தொடங்கினால் பிள்ளை பிறந்து தவழவும் தொடங்கிவிடும். ஆள் முகம் பார்த்துப் பேச வராத நான், ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே போய் நின்றேன்.

"கங்காணி எங்கே?" என்றார் துரை.

"மலையில நிக்கிறாருங்க. நான் மட்டுந்தாங்க வந்தேன்."

தேயிலைச் செடி பேசியதுபோல என்னைப் பார்த்தார். ஆனாலும் தன்னிடம் அனுமதி கேட்டது அவருக்குப் பிடித்திருந்தது. நான் கேட்டபடியே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கொழும்பில் அப்பீலை ஏற்றார்கள். அண்ணன் அதுவரை இருந்த சிறையே போதும் என்று தீர்ப்பானது. லயத்தில் கால் வைக்குமுன் அவர் கங்காணி வீட்டுக்குத்தான் போனார். நானும் பின்னால் நின்றேன்.

"தம்பி ஒங்களத் தாண்டிப் போனது தப்புங்க. மன்னிச்சிருங்க."

"ஒன்ன மன்னிச்சிட்டேன்டா," என்றார் கங்காணி. "பொம்பள காத்துக்கிட்டு இருக்கா, வீட்டுக்குப் போ."

பத்தாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. அண்ணன்தான் மருத்துவச்சியைக் கூட்டி வந்தார். நான் அன்று அட்டை மொய்க்கும் செங்குத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். கங்காணி என்னை அந்த வருடம் முழுக்க அங்கேதான் அனுப்பினார். இதற்கு அப்பீல் செய்யலாமா என்று யோசித்தேன். இம்முறை முறைப்படி போக வேண்டும். முறைப்படி என்றால், முதலில் கங்காணியிடம்தான் சொல்ல வேண்டும்.