அடுப்பில் தெளித்த தண்ணீர்

எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், நானும் மச்சானும் அடுப்பு வேலை பார்த்தோம். அவர் என் மனைவியின் அண்ணன். கொழுந்தைக் காயவைக்கும் சூடு அந்த அடுப்பிலிருந்துதான் போகும். உள்ளே முழுக்க, சூடு தாங்குவதற்கென்றே சூளையில் சுட்ட நெருப்புக்கல். வாசலுக்கு மேலே அதே கல்லில் ஒரு வளைவு. பதிக்கும் முன் ஒவ்வொரு கல்லையும் மச்சான் சுத்தியலால் தட்டிக் கேட்பார். மந்தமான சத்தம் வந்தால் ஒதுக்கிவிடுவார்.

ஆயுத பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அந்த வருஷம் கொழுந்து அதிகம். விடியும்வரை அடுப்பு எரிந்ததால் சூடு அடங்கவில்லை.

"சோறு போடுற சாமிண்ணே இது, கஞ்சத்தனம் பண்ணாதீங்க!" என்று ஒருவன் கத்தினான். மச்சான் செம்பில் மிச்சமிருந்ததையும் வளைவின்மேல் ஊற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. எல்லோரும் சிரித்தோம்.

மறுவாரம் வளைவு இடிந்து விழுந்தது. ஸ்டோரை மூடலாமா என்று கம்பனி முன்பே யோசித்துக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து, உடைந்த கல்லை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சூட்டுல நான் ஊத்துன பச்சத் தண்ணியாலயாங்க ஐயா?" என்று மச்சான் கேட்டார்.

"சொல்ல முடியாது. கல்லு சுடும்போதே உள்ளுக்குள்ள சின்னக் கீறல் இருந்திருக்கலாம். நூறு கல்லுல எத்தனை உடையும்னு கணக்குப் போடலாம். எந்தக் கல்லு, எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப என்னால இல்லன்னு சொல்லுங்க."

எஞ்சினியர் டார்ச்சை அணைத்தார். "அதையும் சொல்ல முடியாதுங்க."

ஸ்டோர் மூடப்பட்டது. எங்களை மலைக்குப் புல்வெட்ட அனுப்பினார்கள். கொழுந்து வேறு தோட்டத்துக்கு லொறியில் போனது. "பாத்துண்ணே, தண்ணி கிண்ணி தெளிச்சிராதீங்க, லொறியும் நின்னுரப் போவுது" என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். மச்சானும் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பூஜைக்கும் அவர் வரவில்லை. வீட்டுக்கு வந்தால், "நீங்க என்ன நெனைக்கிறீங்க மச்சான்?" என்று என்னைக் கேட்பார். "உங்களால இல்ல" என்பேன். "எஞ்சினியருக்கே தெரியல" என்பார்.

போன மாதம் அவர் இறந்துபோனார். லயத்து வீட்டு வாசலில் பெஞ்சில் கிடத்தி, குளிப்பாட்ட என் கையில் செம்பைக் கொடுத்தார்கள். மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீர் பனிபோல் சில்லென்று இருந்தது.

"இது வேணாம், கொஞ்சம் சுட வச்சுத் தாங்க" என்றேன்.

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. என் மனைவி எழுந்துபோய் அடுப்பு மூட்டினாள்.