பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட பிரெஞ்சு

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமே ஆறு வரி. அந்த ஆறு வரியையும் பிரான்சில் இப்போது யாரும் பேசுவதில்லையாம். ஆனாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லுவேன், ஸ்வரம் தப்பாமல்.

சொல்லிக்கொடுத்தது அப்பாவின் தங்கை, என் அத்தை. அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்தில் காலேஜில் சேருகிறவர்கள் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை வாரி வழங்குவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அத்தையும் மார்க்குக்காகத்தான் எடுத்தாள். மற்றவர்கள் மார்க்கை வாங்கிக்கொண்டு பிரெஞ்சை விட்டுவிட்டார்கள். அத்தையால் விட முடியவில்லை. பி.ஏ.வும் அதிலேயே படித்தாள். பாண்டிச்சேரிக்குப் போய் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கான பரீட்சை, பங்குனி உற்சவம் முடிந்த பிறகு வருவதாக இருந்தது.

ஆசைப்பட்டது அத்தை என்றாலும் முடிவு செய்ய வேண்டியவர் பெரியப்பா. கல்யாணமே செய்துகொள்ளாதவர். சின்ன வயதில் அவரைக் கும்பகோணத்தில் வேத பாடசாலையில் விட்டிருந்தார்களாம். தாத்தா திடீரென்று காலமானதும் பாதிப் பாடத்தில் கூட்டிக்கொண்டு வந்து, தாத்தாவுக்குப் பதிலாகச் செக்ரட்டேரியட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். படித்தவரைக்கும் உள்ள வேதத்தை விடியற்காலையில் கோவிலில் போய்ச் சொல்லுவார். பிறகு ஆபீசில் ஃபைல் பார்ப்பார். இரண்டு இடத்திலும் ஒரே முகம்தான். "வரன் குதிர்ந்தா படிப்பு அதோட மதி, நிறுத்திக்கணும்" என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் எதை மனப்பாடம் செய்வதானாலும் ஒரே வழிதான் தெரியும். அதற்குச் சந்தை சொல்வது என்று பெயர். குரு ஒரு தரம் சொல்ல வேண்டும், சிஷ்யர்கள் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும், நாக்கில் ஏறும்வரை விடக்கூடாது. வேதத்துக்கு ஏற்பட்ட அந்த வழியில்தான் அத்தை பிரெஞ்சையும் படித்தாள். சாயங்காலங்களில் கிணற்றடியில் துவைக்கிற கல்மேல் அவள் உட்காருவாள். எதிரில் சிஷ்ய கோடிகளாக நான் ஒருத்தி.

"க ஜ ஃப்யூஸ் அலே" என்று தொடங்குவாள். போ என்கிற வினைச்சொல்லாம் அது. நான், நீ, அவள், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு வரிக்கும் குரல் ஓரிடத்தில் தாழும், ஓரிடத்தில் ஏறும், பெரியப்பாவின் வேதம் போலவே. எனக்குப் புல்லரிக்கும். எங்கள் கிணற்றடியிலிருந்து யாரோ கண்காணாத தேசத்து ராஜாவைக் கூப்பிடுவது போல இருக்கும்.

அர்த்தம் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "போயிருக்கலாம், ஆனா போகல்லே. அப்படி நடக்காமப் போனதுக்குன்னே அவாள்ட்ட ஒரு காலம் இருக்காக்கும்" என்றாள் அத்தை. நடக்காததற்குக்கூட ஒரு இலக்கணம் வைத்திருக்கிற ஜனங்களை நினைத்து அன்று ராத்திரி பூராவும் எனக்கு ஆச்சரியம்.

கிணற்றை ஒட்டிய அறையில் பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் ஏதாவது வரியை விழுங்கிவிட்டால் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கனைப்பு வரும். கோபம் என்று நினைத்து நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் திருநெல்வேலியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெரியப்பாவே தேடிப்பிடித்த இடம். பையனுக்கு பாங்க் வேலை. எனக்குப் பட்டுப்பாவாடை உறுதி என்று அம்மா சொல்லியிருந்ததால் நான் முழுக்க முழுக்க மாப்பிள்ளை கட்சி. அத்தை காப்பித் தட்டோடு வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பாடத் தெரியுமோ?" என்று பையனின் அம்மா கேட்டாள்.

"தெரியாது மாமி."

அந்த மாமி என் பக்கம் திரும்பி, "குழந்தையாவது ஒண்ணு சொல்லட்டுமே" என்றாள். அந்த வாரம் என் வாயில் தயாராக இருந்தது ஒன்றுதான். கைகட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு எடுத்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது பையனின் அப்பா கைகூப்பி உட்கார்ந்திருந்தார். பையன் பாதி கடித்த ஏத்தங்காய் பஜ்ஜியை மரியாதையாகக் கீழே வைத்திருந்தான்.

"பேஷ்! சாமவேதமோன்னோ?" என்றார் பையனின் அப்பா.

அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா பொய் சொல்லுகிறவர் இல்லை.

"இல்லே. பிரெஞ்சு" என்றார். "என் தங்கை படிக்கறா. ஸ்வரம் மட்டும் எங்காத்து ஸ்வரம்."

வந்தவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். நல்ல மனிதர். "இனிமே அதெல்லாம் எதுக்கு? எங்களுக்குப் பெண்ணைப் பிடிச்சிருக்கு. பரீட்சை கிரீட்சைன்னு பார்க்காம, வர்ற முகூர்த்தத்திலேயே வெச்சுண்டுடலாம்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"கொழந்தே, நாலாவது வரியை விட்டுட்டியே."

பிறகு அவரே நிமிர்ந்து உட்கார்ந்து, கோவிலில் சொல்லுகிற அதே குரலில் சொன்னார்: "க நூ ப்யூஸ்யோன் ஸலே." ஃப என்பது அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மற்றபடி ஒரு பிசகு இல்லை.

சுவரில் மாட்டியிருந்த சாமி படம் பேசியிருந்தால்கூட நான் அப்படி வாயைப் பிளந்திருக்க மாட்டேன்.

"க்ஷமிக்கணும்" என்றார் பெரியப்பா, வந்தவர்களைக் கும்பிட்டு. "நான்தான் உங்களை வரச்சொன்னேன். தப்பு என்மேலதான். எடுத்த பாடம் நடுவிலே நிக்கறது. நடுவிலே விட்டா, அது ஆயுசு பூரா காதிலே கேட்டுண்டே இருக்கும், கேட்டேளா."

அத்தை தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். என் பட்டுப்பாவாடையும் அவர்களோடு போயிற்று. இரண்டு நாள் பெரியப்பாவோடு பேசவில்லை நான். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அத்தை பரீட்சை எழுதினாள், இடம் கிடைத்தது, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம், பெரியப்பாவைத் தவிர.

மறுநாள் காலையில் பல் தேய்க்கக் கொல்லைக்குப் போனேன். பெரியப்பா துவைக்கிற கல் பக்கத்தில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். ராட்டினம் கிறீச்சிட்டது. வாய் எதையோ முணுமுணுத்தபடி இருந்தது. வழக்கமான மந்திரம்தான் என்று நினைத்தேன். கிட்டே போனதும் கேட்டது. "க ஜ ப்யூஸ் அலே." அவர் அடுத்த வரிக்குப் போகவில்லை. அந்த முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் உமிக்கரிக் கையோடு சமையலறைக்கு ஓடினேன்.

"அம்மா, பெரியப்பாவும் பாண்டிச்சேரிக்குப் பரீட்சை எழுதப் போறார்!"