பாலில் கலந்த மாத்திரை

ஆபரேஷனில் செத்துப்போன நாயை அதை வளர்த்தவர்களிடம் கொடுக்கும் முன், அண்ணன் அதன் ரோமத்தை ஈரத்துணியால் துடைத்தார். தையல் போட்ட பக்கம் கீழே போகும்படி திருப்பிப் படுக்கவைத்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சாப்பாடு கொண்டுபோன தங்கை கதவோரம் நின்று பார்த்தாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

கால்நடை கிளினிக்கில் அவருக்கு மிருகங்களைப் பிடித்துக்கொள்கிற வேலை. டாக்டர் ஊசி போடும்போது மிருகம் துள்ளாமல் அணைத்துப் பிடித்துக்கொள்வார். முன்கை முழுக்கக் கீறல். கல்யாணமாகாதவர். ராத்திரிப் படுக்கை கிளினிக்கில், மற்றபடி தங்கை வீடுதான் அவருக்கு வீடு.

தங்கையின் புருஷன் லாரி டிரைவர். மூளைக் காய்ச்சலில் செத்துப் பிழைத்தவர். ஆண்டவன் உயிரைத் திருப்பிக் கொடுத்தான், தூக்கத்தைக் கொடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓட்டுவார். பிரேக் பிடிக்கவில்லை என்று அலறுவார். ஓடிப்போய்க் கதவில் மோதுவார். தூக்க மாத்திரை இருந்தவரை கொஞ்சம் கண்ணயர்ந்தார். மாத்திரை தீர்ந்தது. எழுதிக் கொடுத்த டாக்டர் விடுப்பில் போயிருந்தார், பழைய சீட்டுக்கு மருந்துக் கடையில் தர மாட்டேன் என்றார்கள். தங்கை அங்கேயே அழுதுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

கிளினிக் முடிந்ததும் அண்ணன் தினமும் வந்துவிடுவார். "ஏய் கிளீனர், எங்கே போனே?" என்று மாப்பிள்ளை அதட்டுவார். இவரும் முகம் சுளிக்காமல் "ரைட்ல வாங்க மாப்ள, ரைட்ல வாங்க" என்று பின்னாலேயே நடப்பார். அலறல் வந்தால் நாயைப் பிடிப்பது மாதிரியே முதுகோடு அணைத்து உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் சாயங்காலம் அவர் பையை நாற்காலியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பிப் போகும் வழியில் ஒரு நாய்க்காரர் வீட்டில் அவர் கொடுக்கவேண்டிய மாத்திரை அட்டை பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இடி மழைக்கு மிரளும் நாய்க்கான மாத்திரை என்று அவளுக்குத் தெரியும். புருஷன் நெற்றியில் கதவு மோதி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கடவுளே, நீயே பார்த்துக்கோ என்று சொல்லிக்கொண்டு நான்கு மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்கினாள்.

அண்ணன் முகத்தைத் துடைத்தபடி வந்தபோது டம்ளர் புருஷன் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பிரித்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கோபப்படவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுண்ணே. நாய் தூங்குதில்ல? இவரும் தூங்கட்டும். என்னால முடியல."

சில மருந்து நாய், மனுஷன் இரண்டு ஜாதிக்கும் ஒன்றுதான், அளவும் உடம்பில் தங்கும் நேரமும்தான் வேறே என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மனுஷனுக்கு எவ்வளவு தாங்கும் என்று தனக்குத் தெரியாது, ஒரேயடியாக மூச்சு அடங்கிப்போகலாம் என்றார். அவள் கேட்கவில்லை. அடங்கினால் அடங்கட்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவர் குரல் தாழ்ந்தது. "பாப்பா, இந்த மாத்திரை போட்ட நாயோட கண்ணை நான் பாத்திருக்கேன். காலு ஓடாது, வாய் குரைக்காது. இடி சத்தம் மட்டும் அப்படியே கேக்கும். மாப்ளைக்கு உள்ளே வண்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும், பிரேக் இல்லாம. கத்தறதுக்குத்தான் வாய் வராது."

அவள் பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கும் புருஷன் தூங்கவில்லை. அண்ணன் அவரை அணைத்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். இடையிடையே தன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். வாயுவாக இருக்கும் என்றார்.

மறுநாள் கிளினிக்கில் கூண்டு கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இப்போது அந்த வீட்டில் பிடித்துக்கொள்ள ஆளில்லை. தட்டு சுற்றுகிறது, கதவு அதிர்கிறது. தங்கை கையை உதறிவிட்டு எங்காவது போய்விடலாமா என்று தினமும் நினைக்கிறாள். அப்போதெல்லாம், அந்தக் கடைசி ராத்திரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் சொன்னது காதில் விழுகிறது.

"தூங்க மாட்டாரு, தெரியும். வண்டிய எடுக்கட்டும் விடு. நீயும் பக்கத்து சீட்ல ஏறி உக்காந்துக்கோ. நாளைக்கு நான் வந்து கிளீனர் வேலையப் பாத்துக்கறேன்."