துணி காயும் வேலி

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் சந்துக்கு ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் ஒரு பம்பு கம்பெனியின் வேலி. நான் அங்கே லோடு ஏற்றின காலத்தில் வேலியே கிடையாது, வெறும் காட்டாமணக்குப் புதர்தான். பிறகு கம்பிவலை கட்டினார்கள். கட்டின அன்றைக்கே சந்துப் பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள். என் மூத்தவனுடைய தூளித் துணிகூட அதில்தான் காய்ந்தது. அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, அது வேறு கதை.

போன மழைக்கு முன்னால் கம்பெனியில் செம்புக் கம்பி திருடு போனது. உடனே வேலிக்கு வெளிப்பக்கம் கரண்டுக் கம்பி இழுத்தார்கள். மண்டையோடு போட்ட மஞ்சள் பலகையும் மாட்டினார்கள். எழுத்துத் தெரியாத எனக்கே அது புரிந்தது. ஆனால் என் பெண்டாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. நெஞ்சுக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிறாள். வாளியைத் தூக்கினால் அவள் கால் தானாக வேலிக்குத்தான் போகும்.

கம்பெனி கேட்டுக்குப் போய் செக்யூரிட்டி ஆபீசரிடம் சொன்னேன். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, மரியாதையானவர்.

"ஆளக் கொல்ற கரண்டு இல்ல பெரியவரே, சுண்டித்தான் விடும். திங்கக்கெழம ஆன் பண்றோம்."

ஈரச் சேலையோடு ஒரு கிழவி தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னால் அவள் சிரித்தாள். "இத்தினி வருசமா கடிக்காத வேலி இப்ப கடிக்கப் போவுதா? போய்யா, போய் டீ குடிச்சிகினு வா."

வீட்டுச் சுவரோரம் கொடி கட்டிக் கொடுத்தேன். அங்கே வெயில் விழவில்லை என்று அவள் அதைத் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சவுக்குக் கழிகள் வாங்கி வந்து, கரண்டுக் கம்பிக்கு இரண்டு முழம் முன்னால் நட்டு, குறுக்கே கயிறு இழுத்துக் கட்டினேன். அவள் அதில் முட்டி நிற்கட்டும் என்றுதான். பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, கம்பெனி வேலிக்கே நீ வேலி போடுறியா?" என்றான்.

திங்கட்கிழமை டீ குடித்துவிட்டு வந்தால், என் கயிற்றில் அவள் சேலை தொங்குகிறது. காற்றில் முந்தானை கரண்டுக் கம்பியைத் தொடுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்புகிறது. வேலிக்கு உள்ளே, கம்பிக்குக் கரண்டு விடுகிற பெட்டி டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா, கடிக்கல" என்றாள்.

கம்பெனி வேலியில் போட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.

இப்போது வாளியை நான்தான் தூக்குகிறேன். டீக்கடையில் உட்கார்ந்தாலும் காது சந்திலேயே இருக்கிறது.