குழாய்க்குள் போகாத பிரஷ்

மருத்துவமனையில் அவளைச் சுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்களைக் கழுவுவது அவள் வேலை. கழுவி முடித்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதை என் வாய்க்குள் விடச் சம்மதிப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். மனம் தயங்கினால் குழாய் மறுபடி தொட்டிக்குள் போகும்.

புதிதாக மெல்லிய குழாய் ஒன்று வந்தது. அதைக் கழுவ, கருவி சுத்திகரிப்போர் சங்கம் விற்கும் பாட வீடியோவைப் பார்த்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தக் காசில்தான். கணவருக்குக் கண்ணாடி மாற்ற வைத்திருந்த பணம் மொத்தமும் அதற்கே போயிற்று.

வீடியோவில் ஒரு கம்பெனியின் கட்டடம் வந்தது, முதலாளி வந்தார், கழுவும் இயந்திரம் வந்தது. பஸ் ஓட்டுநரான கணவர், பாடம் ஆரம்பித்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டுச் சமைக்கப் போனார். சமைத்துத் தட்டோடு திரும்பியபோதும் அதே இயந்திரம்தான். வேகமாக ஓட்டவும் வழியில்லை.

ஒருவழியாக ஒரு கை பிரஷை எடுத்தது. அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். பிரஷ் குழாயின் வாயருகே போனதும், 'இந்தச் சிரமம் இனி எதற்கு?' என்று இயந்திரம் மறுபடி வந்து நின்றது. அதோடு பாடம் முடிந்தது. பிறகு தேர்வு. எல்லாக் கேள்வியும் இயந்திரத்தைப் பற்றியே. தேறிவிட்டாள். சான்றிதழில் சங்கத்தின் முத்திரையை ஒட்டிக் கம்பெனியின் முத்திரையும் இருந்தது.

"நல்ல கண்ணாடி இருந்திருந்தா எனக்காவது பாடம் தெரிஞ்சிருக்கும்" என்றார் கணவர்.

காலையில் சங்கத்துக்குப் போன் செய்தாள். கையால் கழுவுவது இரண்டாம் பாகத்தில் வருகிறதாம். அதற்குத் தனி விலை. அதிலாவது பிரஷ் உள்ளே போகுமா என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் பேசிய பெண்.

மருத்துவமனையில் நோயாளி வெறும் வயிற்றோடு காத்திருந்தார். புதுக் குழாயைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். அவள் நகரவில்லை.

"அதான் பாஸாயிட்டீங்களேம்மா, அப்புறம் என்ன?"

"பாஸாயிட்டேன் சார். கழுவத்தான் தெரியல."

வேலை போய்விடும் என்று எச்சரித்தார்.

"போனா போகட்டும் சார். அந்த மெஷின வாங்குங்க, இல்ல கையால எப்படின்னு யாரையாவது காட்டச் சொல்லுங்க. தெரியாம கழுவினத நான் யார் வாயிலயும் விடக் குடுக்க மாட்டேன்."

டாக்டர் வெளியே காத்திருந்தவரைப் பார்த்தார். பிறகு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, பழைய குழாயை எடுத்து வரச் சொன்னார்.

அவள் அதைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அலமாரியில் புதுக் குழாயின் பெட்டி இருந்தது. அதிலும் அந்தக் கம்பெனியின் முத்திரைதான். ஈரக் கையாலேயே பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.