ராத்தா வீட்டுத் தரையில் ஓடிய சில்லுப்பலகை

போன மாதம் என் மகள் அறுகம்பைக் கடலில் அலைச்சறுக்குப் பலகையிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனில் சொன்னபோது, வலிக்குதா என்று கேட்பதற்கு முன்பே, "ஆரும் கண்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒன்பது வயது. உம்மாவின் தம்பியான என் மாமா பொத்துவில் பக்கம் ஐஸ் லொறி ஓட்டினார். அறுகம்பைக்கு அலையில் சறுக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன், ஊர் திரும்பும்போது அடியில் உருளும் நாலு சில்லுப் பூட்டிய பலகையொன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மாமா அதில் ஏறி, இடுப்பில் கட்டிய சாரனோடு மல்லாக்க விழுந்து, "இது சின்னப் புள்ளைகள்ர சாமான்" என்று மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு எங்களிடம் தந்தார். நாங்கள் அதைச் சில்லுப்பலகை என்றோம்.

கல்முனைக்குடியில் வீடுகளுக்கிடையே போகும் எங்கள் ஒழுங்கைகள் எல்லாம் கடற்கரை மணல். சில்லு புதைந்து நின்றுவிடும். ஆகவே ஊரில் எங்கெங்கே சீமெந்து இருக்கிறது என்பது எங்கள் கூட்டத்து ஏழு பேருக்கும் மனப்பாடம். கடைகள் பூட்டியபின் சந்தைக் கட்டடத்துச் சரிவு. ஆலையில் அவித்த நெல் காயப்போடும் தளம்; அது நீளமானது, ஆனால் ஆலைக்காரர் விளக்குமாற்றோடு ஓடி வருவார். மதகுச் சரிவில் ஓடிய ஒருவன் பலகையோடு வாய்க்காலுக்குள் போனதால் அதைக் கைவிட்டோம். ஆளுக்கு மூன்று ஓட்டம். விழுந்தால் ஒரு ஓட்டம் கூட. அழுதால் ஒன்று குறையும். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். இன்னும் பெரியபிள்ளை ஆகாததால் யாரும் தடுக்கவில்லை.

என் அக்காவான ராத்தா பெரியபிள்ளையாகி, வெளியே விளையாடப் போகாமல் ஆறு வருடம். நான் மணலும் சிராய்ப்புமாக வீடு வந்தால், முழங்காலைக் கழுவிவிட்டபடி எந்தச் சரிவு, எவ்வளவு தூரம், வயிற்றுக்குள் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். வாப்பா வயல் வருமானத்தையெல்லாம் போட்டு எங்கள் வீட்டு வளவிலேயே ராத்தாவுக்கு வீடு கட்டினார். மண்டபத்துக்குச் சிவப்புச் சாயம் கலந்து மினுக்கிய தரை. அடுத்த ஊர் வாத்தியார் ஒருவரைப் பேசி, பெருநாளுக்குப் பிறகு கலியாணம் என்றும் முடிவாகியிருந்தது. புதுவீட்டைக் கூட்டும் வேலை ராத்தாவுடையது என்பதால் பூட்டைத் திறக்கும் திறப்பு அவளிடம் இருந்தது.

ஒருநாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, "பலகைய எடுத்துட்டு வா புள்ள" என்றாள். கதவையும் யன்னல்களையும் சாத்திவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். இரண்டு நாள் விழுந்தாள். மூன்றாம் நாள் சுவரிலிருந்து சுவருக்குப் போனாள். சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். திரும்பும்போது பலகையின் வால் உரசித் தரையில் அரைவட்டம் அரைவட்டமாகக் கீறல் விழுந்ததை நாங்கள் கவனித்தபோது இரண்டு கிழமை கடந்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று ராத்தா கீறல்களுக்கு மேல் பாய் விரித்தாள். உம்மா என் தலையைச் சீவிவிட்டு, "அவங்க கேட்டா ராத்தாவப் பத்தி நல்லதாச் சொல்லணும், என்ன?" என்றா. தலையாட்டினேன்.

மாப்பிள்ளையின் உம்மா மண்டபத்தைச் சுற்றி வந்து, கால்விரலால் பாயின் ஓரத்தை நீக்கினார்.

"இதென்ன மகள், புதுத் தரையில கோடு?"

"மேசன்மார் எதையாவது இழுத்திருப்பாங்க" என்றா உம்மா அவசரமாக.

ராத்தா நன்றாகச் சமைப்பாள், குர்ஆன் ஓதுவாள் என்றெல்லாம் பெரியவர்கள் ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். எனக்கென்று மிச்சமிருந்தது ஒன்றுதான். அதுவே எல்லாவற்றிலும் பெரியதாகவும் பட்டது.

"இல்ல மாமி, சில்லுப்பலகை ஓடினது. எங்கட பொடியன்மார விட ராத்தாதான் நல்லா ஓடுவா!"

வந்தவர்கள் தேநீரை முழுவதும் குடித்துவிட்டே போனார்கள். மூன்றாம் நாள் கலியாணப் பேச்சுக்கு இடையில் நின்றவர் வந்து, வீட்டில் ஒரு குறையும் இல்லையாம், புள்ளதான் கொஞ்சம் துடுக்காம் என்று சொன்னார். சின்னவள் சொன்னது பொய் என்று ஆளனுப்பலாம் என உம்மா கெஞ்சினா. ராத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "பொய்யில்லம்மா. நான்தான் ஓடின" என்றாள். வாப்பா யாரையும் அடிக்கவில்லை. பலகையை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார். மேசனைக் கூப்பிட்டுத் தரையை மீண்டும் மினுக்கினார்.

ஐந்து வருடம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு, மனைவி இறந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு ராத்தாவைக் கட்டிக் கொடுத்தார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ராத்தா என்னை ஒருநாளும் ஏசவில்லை. நானோ பல வருடம் எனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். யாருக்கும் சொல்லாதே என்று அவள் ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேனே என்று. கதவு, யன்னல் எல்லாவற்றையும் சாத்தியவள் என்னிடம் மட்டும் ஏன் அதைச் சொல்லவில்லை என்பது அந்த ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை. என்னிடம் சொல்லத் தேவையில்லை என்று அவள் நம்பியிருந்தாள்.