மல்லாட்டைப் பூவின் இரண்டாவது சரணம்

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நான் கதை விடுகிற ஆள் இல்லை. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. என்னாலேயே பிரிக்க முடியாமல் போன ஒரு சத்தத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். போன கார்த்திகை மழையில், பட்டப்பகலில் நடந்தது.

என் பெயர் இருதய அருண். திண்டிவனத்தில் ஒரு வெல்டிங் கடைக்கு மேலே சின்னதாக ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். திருவிழாப் பாட்டு, கட்சிப் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பாட்டு... வருவதை எல்லாம் செய்வேன். என் மனைவி சகாய பிரியா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறாள். அவள் பாட ஆரம்பித்தால் பூசையில் அழுகிற குழந்தையும் அடங்கிவிடும். அவளுக்குக் கோபம் வந்தாலும் அந்தக் குரல் ராகமாகத்தான் வரும். அதற்காகவே வம்பு இழுப்பேன்.

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். 'மல்லாட்டைப் பூவு' பாட்டைக் கேட்காத காது இங்கே குறைவு.

மல்லாட்டப் பூவு மஞ்சப் பூவு
மாமன் பாக்கப் பூத்த பூவு...

தொண்ணூறுகளின் கடைசியில் விழுப்புரம் ஆனந்தராஜ் இன்னிசைக் குழு கேசட்டில் போட்ட பாட்டு. மினி பஸ், டீக்கடை, காதுகுத்து என்று ஓடித் தேய்ந்தது. பிறகு தென்னரசு என்ற மேடைப் பாடகர் அதைக் குத்துப் பாட்டாக்கி சி.டி.யில் விட்டார். அப்புறம் பவுலின் என்ற பாண்டிச்சேரிப் பெண் கிடாரோடு மெதுவாகப் பாடி யூடியூபில் போட்டாள். நான்காவதாகப் பாட பிரியாவுக்கு ஆசை.

பாட்டில் ஒரு வினோதம் உண்டு. சரணம் ஒன்றுதான். கேசட்டில், இரண்டாவது சரணம் வர வேண்டிய இடத்தில் வரியே கிடையாது. ஒரு பெண்ணின் ஹம்மிங் மட்டும் இருக்கும். தென்னரசு அந்த இடத்தைத் தவிலால் நிரப்பினார். பவுலின் கிடாரால் நிரப்பினாள்.

பழைய பாட்டை மறுபடி பாடுகிறவர்கள், அதை ஹெட்போனில் ஒரு காதுக்கு ஓடவிட்டு அதன்மேலேயே பாடுவது வழக்கம். சில சமயம் ஹெட்போன் சத்தம் கசிந்து மைக்கில் ஏறிவிடும். அதைத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. பிரியாவின் காதில் பவுலின் பாடியதைத்தான் ஓடவிட்டேன்.

மத்தியானம் இரண்டு மணி. வெல்டிங் கடைக்காரர் சாப்பிடப் போகிற நேரம். அப்போதுதான் எனக்கு அமைதி கிடைக்கும். வெளியே தூறல். பிரியா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்றாள்.

"ரெடியா?"

"ஜல்தி ஆரம்பிங்க. பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூப்புடணும்."

பாடினாள். பல்லவி, சரணம் இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தது கிடார் வரும் இடம். அவள் பாட வேண்டியதில்லை. உதட்டை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

திரையில் சத்தத்தை அளக்கும் மீட்டர் ஏறியது.

அவளுடைய மைக்கின் மீட்டர்தான். பச்சைக் கோடு மேலே போய்ப் போய் வந்தது. என் காதில்... ஒரு பெண்ணின் ஹம்மிங்.

பிரியாவைப் பார்த்தேன். வாய் மூடியே இருந்தது.

நிறுத்தினேன்.

"ஹம்மிங் பாடினியா?"

"நான் எங்க பாடினேன்? மூச்சே வுடலயே."

கசிவுதான் என்று நினைத்தேன். தொழில் புத்தி. அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து டெலிட் தட்டினேன்.

அதே நொடி, உள்ளே பிரியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

கையைத் தொண்டையில் வைத்தாள். மறுபடி வாயைத் திறந்தாள். வெறும் காற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் காதில் ஓடியது பவுலினின் பாட்டு. அதில் ஹம்மிங்கே கிடையாது.

கசிய... என்ன இருக்கிறது?

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையில் ஒன்றும் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மற்றவர்கள் பாட, பிரியா பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு நின்றாள். பாப்பா அவள் முந்தானையை இழுத்து, "பாடும்மா" என்றாள். அவள் இனி பாடவே மாட்டாளோ என்ற பயம் அங்கேதான் பிடித்தது.

அன்றைக்கே தென்னரசுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கிசுகிசுப்பாகப் பேசினார்.

"அண்ணே, அந்தப் பாட்டு பாடும்போது ஹம்மிங் எதுனா கேட்டுச்சா?"

"கேட்டுச்சி. ஹெட்போன் கசியுதுன்னு அழிச்சாங்க. அன்னைக்குப் போன தொண்டைதாம்பா இது."

பவுலின் வீட்டில் அவள் அம்மா எடுத்தார்.

"அவ இப்போ பாடறதில்லப்பா," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஆனந்தராஜ் மாஸ்டரைத் தேடிப் போனேன். விழுப்புரம் பக்கம் திருவாமாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். கீபோர்டு வாசித்த விரல்கள் சும்மா இருக்கும்போதும் தொடையில் தாளம் போட்டன. நடந்ததைச் சொன்னேன். தாளம் நின்றது.

"அது சூசை மேரி," என்றார்.

"யாரு மாஸ்டர்?"

"மயிலம் பக்கத்துப் பொண்ணு. கேசட்டுக்கு மொதல்ல அவதான் பாடினா. ஆனா, பேர் இருக்கிற பாடகி பாடினாத்தான் கேசட்டு போவும்னு சொன்னாங்க. அதே டேப்புல, இவ குரலுக்கு மேலயே அந்தம்மா பாடிட்டாங்க. இவ குரல் அழிஞ்சிபோச்சி."

"அந்த ஹம்மிங்?"

"அது மட்டும் அந்தம்மாவுக்கு வரல. மேரியோடதயே வுட்டுட்டோம். அட்டையில அவ பேர் போடல. கேசட்டு வந்த வருசமே காமாலையில போயிட்டா."

என் கையைப் பிடித்து, "அவள அழிக்காத தம்பி," என்றார்.

திண்டிவனம் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். என் மென்பொருள் தானாகவே ஒரு பிரதியைச் சேமித்து வைக்கும். டெலிட் தட்டுவதற்கு முன்பான பிரதி இருந்தது. அந்த இடத்துக்குப் போனேன்.

கோடு அசைந்தது. நான் அழித்தது ஹம்மிங். சத்தியமாக ஹம்மிங்தான்.

இப்போது அதில் வார்த்தை இருந்தது.

மண்ணுக்கு உள்ளாற காயி வச்சேன்
மாமா நீ தோண்டற நாளு எப்போ...

தெளிவான குரல். ஆசையாகப் பாடும் குரல். பிரியாவுடையது இல்லை.

டெலிட் பக்கம் கை போகவில்லை.

பிரியா பாடியதை எடுத்துவிட்டேன். அந்த ஒரு சரணத்தையும் இசையையும் மட்டும் வைத்து, பாடியவர் சூசை மேரி என்று பெயர் போட்டு அன்றைக்கே யூடியூபில் ஏற்றினேன். யாராவது கேட்டால் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு என் பிரியா பாட வேண்டும்.

விடிந்தது. சமையலறையிலிருந்து சத்தம்.

"பால் பொங்குது... பாத்துக்கினு நிக்கிறீங்களே!"

ராகமாகத் திட்டினாள். நான் அடுப்பை அணைக்காமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இதோடு முடிந்திருந்தால் நானே எல்லாவற்றையும் மறந்திருப்பேன். நன்றி சொல்லலாம் என்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஏற்றிய பாட்டை அவர் இன்னும் கேட்டிருக்கவில்லை. போனில் போட்டுக் காட்டினேன்.

சரணம் வரப்போகும் இடத்தில் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது.

குரல் வருவதற்கு முன்பே. அதே வார்த்தைகள்.

"மாஸ்டர்... இந்த வரி உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கேசட்டுல இல்லையே."

அவர் போனையே பார்த்தார்.

"நான் எழுதினதுதான். ரெக்கார்டிங் அன்னைக்கு ரெண்டாவது சரணம் எனக்கு வரவே இல்ல. 'வார்த்தை வர்ற வரைக்கும் ஹம்மிங் பண்ணும்மா, அப்பறம் எழுதித் தர்றேன்'னு சொன்னேன். அவளும் பாக்கும்போதெல்லாம் கேட்டுக்கினே இருந்தா. எப்போ தருவீங்க மாஸ்டர், எப்போ தருவீங்கன்னு..."

"அப்பறம் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். அவ சாவுக்குப் போன அன்னைக்குத்தான் எழுத வந்திச்சி. பெட்டிய மூடறதுக்கு முன்னாடி, அவ கையில சுத்தியிருந்த ஜெபமாலைக்கு அடியில மடிச்சி வச்சேன்."

போனில் அந்தக் குரல் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"நான் அத யாருக்கும் காட்டல தம்பி. ஒரு தபா கூட வாய் வுட்டுப் பாடினதில்ல. பெட்டிய மூடி, மண்ணு தள்ளிட்டாங்க."